புதிய மானிட்டருக்கு மாறியதிலிருந்து கண் எரிச்சல்: எதை முதலில் சரிசெய்வது?

மொழிக்கயல் எழுதியது:

வணக்கம். மொழிபெயர்ப்பு என் தொழில். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை திரையில் எழுத்துகள்தாம். இதுநாள் வரை மடிக்கணினியிலேயே ஒப்பேற்றி வந்தேன். குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டதால், அண்மையில் 27 அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கி மேசையில் வைத்தேன். கழுத்து வலி போகவில்லை. கூடவே கண் எரிச்சலும் வந்து சேர்ந்துவிட்டது.

மேசையின் நிலவரத்தை அப்படியே எழுதுகிறேன். மேசை சன்னலை ஒட்டி இருக்கிறது. மானிட்டருக்கு நேர் பின்னால் சன்னல். மானிட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே பயன்படுத்துகிறேன், எந்த அமைப்பையும் தொடவில்லை. மெனுவில் பார்த்தால் ஒளிர்வு 90 என்று காட்டுகிறது. தெளிவுத்திறன் 1920×1080. மடிக்கணினியிலிருந்து ஹெச்டிஎம்ஐ கேபிள் மூலம் இணைத்திருக்கிறேன். திரையின் இடது பாதியில் மூல நூலின் பிடிஎஃப், வெள்ளைப் பக்கமாக. வலது பாதியில் நான் எழுதும் மென்பொருள், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக. வயது 46. புரோகிரஸிவ் கண்ணாடி அணிகிறேன், சிதறல் பார்வைக்காகக் கொஞ்சம் சிலிண்டர் பவரும் உண்டு.

பிற்பகல் ஆனால் இரண்டு கண்ணும் உறுத்தத் தொடங்குகிறது. மாலையில் எழுத்துகள் இரட்டிப்பது போலத் தோன்றுகிறது. ஒற்றின் மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று பார்க்க முகத்தைத் திரையை நோக்கிக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. ஒரு புள்ளி விடுபட்டால் சொல்லே மாறிப்போகும் தொழில் இது, அதனால்தான் கவலை.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா? மானிட்டரிலேயே குறை இருக்குமோ? திருப்பிக் கொடுக்க இன்னும் அவகாசம் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


இரவுநிரல் எழுதியது:

நான் மென்பொருள் எழுதுபவன், பெரும்பாலும் இரவில்தான் வேலை. எனக்கும் இதே தொல்லை இருந்தது. எல்லா மென்பொருளையும் கறுப்புப் பின்னணிக்கு மாற்றி, இயங்குதளத்தில் உள்ள இரவு ஒளி வசதியையும் போட்டுக்கொண்டேன். திரை மஞ்சளாகிவிடும், பழகிவிட்டால் தெரியாது. நீங்களும் அந்த பிடிஎஃப்பையும் கறுப்பாக்கிப் பாருங்கள். நீல ஒளிக் கண்ணாடியும் வைத்திருக்கிறேன், தலைவலி குறைந்த மாதிரிதான் இருக்கிறது.


மெய்ப்புமேசை எழுதியது:

சகோதரி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள், எதையும் திருப்பியும் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் பெரும்பங்கு, மேசையை நகர்த்தியும் மானிட்டரின் பொத்தான்களை அழுத்தியும் சரியாகக்கூடியது.

நான் மெய்ப்புத் திருத்துபவன். அச்சுத் தாளில் தொடங்கித் திரைக்கு வந்தவன். றகரம் வர வேண்டிய இடத்தில் ரகரம் விழுந்திருக்கிறதா, ஒற்று மிகுந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. கண் களைத்தால் பிழை நழுவிவிடும். அதனால் உடன் வேலை செய்பவர்களின் மேசைகளையும் நானே போய்ச் சரிசெய்து கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அங்கெல்லாம் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தத் திரை அறையில் இன்னொரு விளக்காக எரிகிறதா, அல்லது மேசைமேல் கிடக்கும் தாளைப் போல இருக்கிறதா? தாளைப் போல இருந்தால் கண்ணுக்குத் தொல்லை இல்லை.

உங்கள் மேசையில் முதல் குற்றவாளி அந்தச் சன்னல். திரையைப் பார்க்கும் கண், அதற்குப் பின்னாலிருந்து வரும் பகல் வெளிச்சத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறது. அந்த வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே சிதறி, எழுத்தின் கறுப்பை வெளிறச் செய்கிறது. நீங்கள் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறீர்கள். சுருக்குகிறோம் என்பதே தெரியாமல் நாள் முழுவதும் சுருக்கிக்கொண்டிருக்கிறீர்கள். மேசையைக் கால்வட்டம் திருப்புங்கள். சன்னல் உங்களுக்கு இடப்புறமோ வலப்புறமோ வர வேண்டும். முதுகுக்குப் பின்னால் வந்துவிடக் கூடாது, வந்தால் அந்த வெளிச்சம் திரையில் விழுந்து பிரதிபலிக்கும். திருப்பியதும் மானிட்டரை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கறுத்த திரையைப் பாருங்கள். அதில் உங்களுக்கு என்ன தெரிகிறதோ, சன்னல் ஓரமோ, கூரை விளக்கோ, உங்கள் வெள்ளைச் சட்டையோ, அத்தனையும் வேலை நேரத்தில் எழுத்துகளின் மேல் படிந்தே இருக்கும். திரையைக் கொஞ்சம் சாய்த்தும் திரைச்சீலையை இழுத்தும் அதை ஒழியுங்கள். மேசையை நகர்த்தவே முடியாத இடம் என்றால், பகலில் சீலையையாவது மூடிவிட்டு அறை விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஒளிர்வு. கடையில் பத்து மானிட்டர்களுக்கு நடுவே தனித்துத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பல மானிட்டர்கள் கூடுதல் ஒளிர்வோடு அனுப்பப்படுகின்றன. ஒளிர்வைக் கேண்டெலா என்ற அலகால் அளப்பார்கள்; சாதாரண அலுவலக மானிட்டர் முழு ஒளிர்வில் சதுர மீட்டருக்கு 250 முதல் 350 கேண்டெலா வரை தரும். எஸ்ஆர்ஜிபி என்ற வண்ணத் தரத்தை வகுத்தவர்கள் மங்கலான அறையில் 80 கேண்டெலாத் திரையை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். ஓரளவு வெளிச்சமுள்ள அறையில் எழுத்து வேலைக்கு 100 முதல் 120 வரை தாராளம். உங்கள் மெனு காட்டும் 90 கேண்டெலா அன்று, மானிட்டரின் 0 முதல் 100 வரையான அளவில் 90, அதாவது ஏறக்குறைய முழு ஒளிர்வு. அப்படியென்றால் அது எவ்வளவு அதிகம் என்று பாருங்கள்.

அளப்பதற்குக் கருவி வேண்டாம். ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து திரை முழுவதும் வெள்ளையாக்குங்கள். அச்சுப்பொறிக்கு வாங்கும் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, திரையின் ஓரத்தை ஒட்டினாற்போல், அறை வெளிச்சம் தாளின் மேல் படும்படி பிடியுங்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தாள் பழுப்பேறியதாகவும் திரை எரிவதாகவும் தெரிந்தால் ஒளிர்வைக் குறையுங்கள். திரை அழுக்கு வெள்ளையாகத் தெரிந்தால் கூட்டுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். பகலில் ஒரு முறை, இரவு விளக்கில் ஒரு முறை செய்து இரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என் மேசையில் பகலுக்கு 38, இரவுக்கு 22. உங்கள் மானிட்டரில் வேறாக இருக்கும். முதல் நாள் திரை மங்கிப்போய்விட்டதாக மனம் அடித்துக்கொள்ளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை மானிட்டரின் சொந்த மெனுவில் செய்ய வேண்டும். திரையை மங்கலாக்கும் மென்பொருள்கள் வண்ணத்தைத்தான் கறுப்பாக்குகின்றன; திரைக்குப் பின்னால் இருக்கும் பின்விளக்கு முழு வீச்சில் எரிந்துகொண்டேதான் இருக்கும். அதே மெனுவில் 'டைனமிக் கான்ட்ராஸ்ட்' என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். திரையில் வெள்ளை அதிகமானால் ஒளிர்வைத் தானே ஏற்றியும் கறுப்பு அதிகமானால் இறக்கியும் விளையாடுவது அது. கான்ட்ராஸ்ட் எண்ணைத் தொழிற்சாலையில் வைத்தபடியே விட்டுவிடலாம். விளையாட்டுக்கும் திரைப்படத்துக்கும் என்று இருக்கும் வண்ண முறைகள் உங்களுக்கு உதவா, 'ஸ்டாண்டர்ட்' போதும்.

இப்போது கழுத்து. புரோகிரஸிவ் கண்ணாடி என்று நீங்கள் எழுதிய ஒரு வரியில் பாதி விடை இருக்கிறது. அந்தக் கண்ணாடியில் மேலே தூரப் பார்வை, கீழே படிக்கும் பார்வை, நடுவே குறுகிய பட்டையாக இடைத்தூரப் பார்வை. திரை இருப்பது இடைத்தூரத்தில். திரை உயரமாக இருந்தால், அந்தப் பட்டை வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கித் தலையைப் பின்னால் சாய்ப்பீர்கள். மடிக்கணினியில் குனிந்து வந்த வலி, இங்கே நிமிர்ந்து வருகிறது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கலாம் என்பது பொது விதி. புரோகிரஸிவ் அல்லது பைஃபோகல் போட்டவர்களுக்கு அதைவிடக் கீழே இறக்க வேண்டும். முகத்தை நேராக வைத்து, கண்ணை மட்டும் தாழ்த்தினால் திரையின் நடுப்பகுதி தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்து உயரத்தை முடிவு செய்யுங்கள். இறக்கிய பிறகு திரையின் மேல்பக்கத்தைச் சற்றுப் பின்னால் சாயுங்கள், பார்வை திரையில் நேராக விழும். தாழ்ந்து பார்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: மேல் இமை கண்ணைக் கொஞ்சம் மூடியிருக்கும், கண்ணீர் அவ்வளவு வேகமாக உலராது. மேல்நோக்கிப் பார்க்கும் கண் அகல விரிந்து காற்றுக்குத் திறந்தே கிடக்கிறது.

தூரம்: 27 அங்குலத்துக்குக் கண்ணிலிருந்து 60 முதல் 75 செ.மீ. வரை. 40 செ.மீ. தொலைவில் படிக்கக் கண் 2.5 டயாப்டர் (கண்ணாடிப் பவரை அளக்கும் அதே அலகு) அளவுக்குக் குவிய வேண்டும். 65 செ.மீ. என்றால் ஏறக்குறைய 1.5 போதும். தள்ளி வைத்தால் கண்ணுக்கு வேலை குறைகிறது. ஆனால் தள்ளி வைத்துவிட்டு எழுத்தைச் சிறியதாகவே விட்டால், ஒற்றைப் பார்க்க மறுபடியும் முகத்தை நீட்டுவீர்கள், செய்ததெல்லாம் வீண்.

தமிழ் படிப்பவர்கள் எழுத்தின் அளவில் கஞ்சத்தனம் காட்டவே கூடாது. நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். ஆங்கிலத்துக்குப் போதுமான அளவில் 'ண'வின் மூன்று சுழிகளும் அடைத்துக்கொண்டு 'ன' போல ஆகிவிடும். 27 அங்குலத்தில் 1920×1080 என்றால் அங்குலத்துக்கு 82 பிக்சல்தான், ஒரு பிக்சல் 0.31 மி.மீ. சிறிய எழுத்தில் நம் புள்ளிக்குக் கிடைப்பது ஓரிரு பிக்சல். விளிம்பை மென்மையாக்கும்போது அதுவும் சாம்பலாகக் கரைகிறது. புள்ளி இருக்கிறதா என்று நீங்கள் தேடுவது கண்ணின் குறையால் மட்டும் அன்று. அளவுகோலை எடுத்துத் திரையின் மேலேயே வைத்து 'க'வின் உயரத்தை அளந்து பாருங்கள். 65 செ.மீ. தூரத்துக்கு 3 மி.மீட்டருக்குக் கீழே இருந்தால் சிறியது. 4 மி.மீ. வைத்தால் நாள் முழுவதும் தாங்கும். தெளிவுத்திறனைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்காதீர்கள், எல்லாம் மங்கலாகிவிடும். திரையில் உள்ள எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் இயங்குதளத்தின் 'ஸ்கேலிங்'கை 125 விழுக்காடாக்கி, எழுதும் மென்பொருளில் எழுத்துருவின் அளவையும் ஏற்றுங்கள். வரி இடைவெளியும் கொஞ்சம் கூட இருக்கட்டும், மேல் வரியின் 'ழு', 'ளூ' ஆகியவற்றின் கீழ்வால் அடுத்த வரியின் புள்ளியோடு முட்டாமல் இருக்கும்.

உறுத்தலைப் பற்றி. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 15 முறை அல்லது அதற்கு மேலும் இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போவதுண்டு, இமைப்பதும் அரைகுறையாகவே நடக்கிறது. இமை ஓரத்தில் இருக்கும் சுரப்பிகள் எண்ணெய்ப் படலத்தைக் கண்ணீரின் மேல் பரப்ப, இமைகள் முழுவதுமாக மூடித் தொட்டாக வேண்டும். பாதி இமைப்பில் அது நடக்காது. கண்ணின் கீழ்ப்பகுதி வறண்டு உறுத்தும். ஒரு பத்தி முடிந்ததும் கண்ணை மென்மையாக முழுவதும் மூடித் திறக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறியோ ஏ.சி.யோ முகத்தை நோக்கி வீசினால் திசையை மாற்றுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடிக்கு அப்பால் இருக்கும் ஒன்றை 20 விநாடி பார்க்கச் சொல்வார்கள். அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. அடிக்கடி தொலைவில் பார்ப்பதுதான் முக்கியம். மேசையைத் திருப்பிய பின் சன்னல் பக்கவாட்டில் இருக்குமே, அதற்கு அதுவே வசதி.

நண்பர் இரவுநிரல் சொன்ன நீல ஒளிக் கண்ணாடியில் எனக்கு உடன்பாடு இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் திரையால் வரும் கண் களைப்பைக் குறுகிய காலத்தில் அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றே முடிவு சொன்னது. அமெரிக்கக் கண் மருத்துவர்களின் கழகமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. சன்னல் வழியே வரும் பகல் வெளிச்சத்தில் உள்ள நீலத்தோடு ஒப்பிட்டால் திரையின் நீலம் மிகவும் கொஞ்சம். இரவில் திரையை மஞ்சளாக்குவது இதமாக இருந்தால் செய்துகொள்ளுங்கள், அதில் தவறில்லை. உங்களுக்கு எரிச்சல் வருவது பிற்பகலில்.


இரவுநிரல் எழுதியது:

ஆய்வைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி ஐயா, அதைத் தேடிப் படிக்கிறேன். ஆனால் கறுப்புப் பின்னணியை விட எனக்கு மனம் இல்லை. வெள்ளைத் திரைக்குத் திரும்பினால் கண் கூசுகிறது. அதையும் தவறு என்று சொல்கிறீர்களா?


மெய்ப்புமேசை எழுதியது:

தவறு என்று சொல்லவில்லை தம்பி. நீங்கள் மங்கலான அறையில் இரவில் வேலை செய்கிறீர்கள், அங்கே அது பொருந்தும். ஆனால் வெள்ளைக்குத் திரும்பியதும் கூசுவது அந்த வெள்ளையின் ஒளிர்வு அதிகம் என்பதால். தாள் சோதனையை இரவு விளக்கில் ஒரு முறை செய்துவிட்டு, பிறகு வெள்ளைப் பின்னணியைப் பாருங்கள்.

சகோதரிக்கு நான் அதைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. கறுப்பைப் பார்க்கும்போது கண்ணின் பாப்பா விரிகிறது. விரிந்தால், சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு வெள்ளை எழுத்தின் ஓரம் கசிந்து பரவும். வெளிச்சமான அறையில் வெளிர் பின்னணியில் கறுத்த எழுத்தைத்தான் பிழையின்றிப் படிக்க முடிகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. என் தொழிலில் நானும் அதைத்தான் காண்கிறேன். அதைவிட முக்கியம், அவருடைய திரையில் ஒரு பாதி வெள்ளை, ஒரு பாதி கறுப்பு. மொழிபெயர்ப்பவர் ஒரு வாக்கியத்துக்கு எத்தனை முறை இடமும் வலமும் பார்ப்பார்! ஒவ்வொரு முறையும் கண் புதிதாகப் பழக வேண்டும். இரண்டையும் ஒரே வகைப் பின்னணிக்குக் கொண்டுவாருங்கள். பளிச்சென்ற வெள்ளை பிடிக்கவில்லையென்றால் இரண்டுக்குமே இளஞ்சாம்பல் அல்லது தந்த நிறப் பின்னணி கொடுங்கள், எழுத்து நன்றாகக் கறுப்பாக இருக்கட்டும்.


மொழிக்கயல் எழுதியது:

மெய்ப்புமேசை ஐயாவுக்கு மிக்க நன்றி. மேசையைத் திருப்பினேன், இப்போது சன்னல் இடப்புறம். அணைத்த திரையில் பார்த்தபோது என் தலைக்கு மேலிருக்கும் குழல்விளக்கு நீளக் கோடாகத் தெரிந்தது; இத்தனை நாளும் அதை நான் கவனித்ததே இல்லை. திரையைச் சாய்த்ததும் அது மறைந்துவிட்டது. தாளை வைத்துப் பார்த்து ஒளிர்வை 30-க்குக் கொண்டுவந்தேன். 'க' 2.5 மி.மீ. கூட இல்லை, அதையும் பெரிதாக்கிவிட்டேன். பகலில் உறுத்தல் நன்றாகவே குறைந்திருக்கிறது.

இரண்டு சிக்கல் மீதி. ஒன்று, எழுத்தைப் பெரிதாக்கிய பிறகும் அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறது. 'ழ'வின் கீழ்வளைவில் நன்றாகத் தெரிகிறது. பிடிஎஃப்பில் சிவப்பு எழுத்தாக வரும் குறிப்புகள் மட்டும் கலங்கித் தெரிகின்றன. இன்னொன்று, ஒளிர்வைக் குறைத்ததிலிருந்து நெற்றியில் லேசாக ஒரு வலி. முன்பு எரிச்சல் இருந்தது, இந்த வலி இருந்ததில்லை. மானிட்டரின் தாங்கி வேறு இதற்குக் கீழே இறங்க மறுக்கிறது.


மின்பலகை எழுதியது:

மானிட்டர் பழுது பார்ப்பது என் வேலை. இந்த மூன்றுக்கும் நான் சொல்கிறேன்.

எழுத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடும், சிவப்பு எழுத்து கலங்குவதும் சேர்ந்து வந்தால், ஹெச்டிஎம்ஐ வழியாக உங்கள் மானிட்டரைக் கணினி ஒரு தொலைக்காட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தொலைக்காட்சிக்கு அனுப்பும் முறைகள் சிலவற்றில் ஒளியை முழுமையாக அனுப்பிவிட்டு, நிறத்தைப் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்குப் பொதுவாக்கிச் சுருக்குவார்கள். படத்தில் அது தெரியாது. கறுப்பு எழுத்திலும் தெரியாது. சிவப்பு, நீல எழுத்துகளில் உடனே தெரிந்துவிடும். கிராஃபிக்ஸ் அமைப்புகளுக்குப் போய் வெளியீட்டு வண்ண முறை 'ஆர்ஜிபி' என்றும், வரம்பு 'முழு' என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். வரம்பு குறுகியதாக இருந்தால் கறுப்பே சாம்பலாகத் தெரியும், எழுத்தின் அழுத்தம் போய்விடும். மானிட்டர் மெனுவில் உள்ளீட்டின் வகையை ஏவி என்பதிலிருந்து பிசி என்று மாற்ற வசதி இருந்தால் அதையும் மாற்றுங்கள். மடிக்கணினியில் டிஸ்பிளேபோர்ட் வெளியீடு இருந்தால் அந்தக் கேபிளுக்கு மாறுவதே நல்லது.

அந்த வெள்ளைக் கோடு 'ஷார்ப்னெஸ்' எண் ஏறியிருப்பதால் வருவது. மானிட்டர் எழுத்தின் விளிம்பை வலிந்து எடுத்துக்காட்டுகிறது. அதைச் சுழியத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். உங்கள் 'ழ'வின் வளைவில் கோடு தோன்றுவதற்கு முந்தைய எண்ணில் நிறுத்துங்கள். விண்டோஸ் என்றால் தேடுபெட்டியில் 'கிளியர்டைப்' என்ற, எழுத்தைத் தெளிவாக்கும் வசதியைத் தேடித் திறந்து, அது காட்டும் மாதிரிகளில் தெளிவானதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போங்கள். மடிக்கணினித் திரைக்கும் மானிட்டருக்கும் அதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

நெற்றி வலிதான் என்னை யோசிக்க வைக்கிறது, அது ஒளிர்வைக் குறைத்த பிறகு வந்திருப்பதால். எல்இடி பின்விளக்கின் ஒளியைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விளக்குக்குப் போகும் மின்னோட்டத்தையே குறைப்பது. மற்றொன்று, விளக்கை முழு வீச்சில் எரியவிட்டு, விநாடிக்குப் பலமுறை அணைத்து அணைத்து ஏற்றுவது. அணைந்திருக்கும் நேரம் கூடக்கூடத் திரை மங்கலாகத் தோன்றும். விநாடிக்கு 200 முறை என்ற அளவில் இதைச் செய்யும் மானிட்டர்கள் இருக்கின்றன. கண்ணுக்கு மினுங்கல் தெரியாது, ஆனால் சிலருக்கு இதனால் தலைவலி வருகிறது. முழு ஒளிர்வில் இது நடப்பதில்லை, குறைத்தால்தான் தொடங்கும். எல்இடி மினுங்கலுக்கென்று 2015-இல் ஐஇஇஇ என்ற மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பு வெளியிட்ட பரிந்துரையில், விநாடிக்கு 3000 முறைக்கு மேல் போனால் கவலை இல்லை என்று வைத்திருக்கிறார்கள்.

சோதிப்பது எளிது. அறை விளக்கை அணைத்துவிடுங்கள், அதுவும் மினுங்கிக் குழப்பும். திரையை வெள்ளையாக்கி ஒளிர்வை 30-இல் வையுங்கள். ஒரு பேனாவைத் திரைக்கு முன்னால் பிடித்து விசிறி போல வேகமாக ஆட்டுங்கள். பேனா ஒரே மங்கலான பட்டையாகத் தெரிந்தால் பின்விளக்கு சீராக எரிகிறது. தனித்தனிப் பேனாக்களாக, கோடு கோடாகப் பிரிந்து தெரிந்தால் அணைந்து அணைந்து எரிகிறது. கைப்பேசி கேமராவில் ஷட்டர் வேகத்தைக் கையால் மாற்ற முடிந்தால், 1/2000 வைத்துத் திரையைப் பாருங்கள். மினுங்கும் திரையில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் வரும். அசையும் படத்தின் மங்கலைக் குறைக்கும் வசதி ஏதாவது மெனுவில் போட்டிருந்தால் முதலில் அணைத்துவிட்டுச் சோதியுங்கள், அதுவும் வேண்டுமென்றே விளக்கை மினுங்க விடுவதுதான்.

கோடுகள் வந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். பழுது என்று சொல்ல முடியாது, அதன் அமைப்பே அப்படி. மாற்றி வாங்கும்போது, குறைந்த ஒளிர்விலும் மினுங்காதது என்று தெளிவாகக் குறிப்பிட்ட மானிட்டராகப் பாருங்கள். எழுத்து வேலை மட்டும்தான் என்றால் 27 அங்குலத்துக்கு 2560×1440 எடுங்கள், அங்குலத்துக்கு 109 பிக்சல் கிடைக்கும். 4கே (3840×2160) என்றால் 163, ஸ்கேலிங் 150 வைத்துக்கொண்டால் தமிழ் எழுத்து அச்சில் பார்ப்பது போலவே இருக்கும்.

தாங்கிக்கு: பின்புறத்தில் 100 மி.மீ. சதுரமாக நான்கு திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், சிலவற்றில் 75 மி.மீ. இருக்கும். இருந்தால் மேசையில் பூட்டும் கைத்தாங்கி ஒன்றை மாட்டி, திரையின் கீழ்விளிம்பு மேசையைத் தொடும் அளவுக்குக்கூட இறக்கலாம். அதுவரை நாற்காலியைச் சற்று உயர்த்திக்கொள்ளுங்கள், பாதம் தொங்கினால் அடியில் ஒரு பலகை போடுங்கள்.


மொழிக்கயல் எழுதியது:

பேனா கோடு கோடாகத்தான் தெரிந்தது, தெளிவாக. 100-இல் வைத்து ஆட்டினால் பட்டையாகிவிடுகிறது. ஷார்ப்னெஸ் 60-இல் இருந்தது. குறைத்ததும் 'ழ' சுத்தமாகிவிட்டது. வண்ண முறையும் நீங்கள் சொன்னபடியே மாறியிருந்தது, இப்போது சிவப்பு எழுத்து படிக்க முடிகிறது. ஆனாலும் மானிட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 1440 உள்ளதை எடுப்பதாக முடிவு செய்துவிட்டேன், பின்புறம் துளை இருக்கிறதா என்று பார்த்தே வாங்குவேன். மின்பலகை அவர்களுக்கு நன்றி.

அடுத்த வாரம் கண் மருத்துவரிடமும் நேரம் வாங்கியிருக்கிறேன். அங்கே என்ன சொல்ல வேண்டும்? கண்ணாடி போட்டுத்தானே இருக்கிறாய் என்று அனுப்பிவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.


மெய்ப்புமேசை எழுதியது:

தயங்கவே வேண்டாம், கட்டாயம் போங்கள். வெள்ளெழுத்து நாற்பதுக்கு மேல் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும், பழைய அளவு இப்போது பொருந்தாமல் இருக்கலாம்.

போவதற்கு முன் புதிய மானிட்டரை வைத்து, சாய்ந்து வசதியாக உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரைவரை உள்ள தூரத்தை நாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வேறொருவரை அளக்கச் சொல்வது நல்லது, நீங்களே அளந்தால் முன்னால் சாய்ந்துவிடுவீர்கள். திரையின் நடுப்பகுதி கண் மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அந்தச் சீட்டைக் கொடுத்து, நாளில் பெரும்பகுதி இந்தத் தூரத்தில்தான் பார்க்கிறேன், இதற்கென்று தனியாக ஒரு கண்ணாடி வேண்டும் என்று கேளுங்கள். திரைத் தூரத்துக்கு மட்டும் செய்யும் கண்ணாடியில் முழு வில்லையும் உங்களுக்குப் பயன்படும், மோவாயைத் தூக்க வேண்டியிருக்காது. அதைப் போட்டுக்கொண்டு வெளியே நடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கண் உறுத்தலைச் சொல்லி, கண்ணீர் போதுமான அளவு நிற்கிறதா என்றும் இமை ஓரத்துச் சுரப்பிகள் அடைத்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அவரே சொல்லாமல் எந்தச் சொட்டு மருந்தையும் வாங்கிப் போடாதீர்கள். சிவப்பை மறைப்பதற்கென்று விற்கும் சொட்டு மருந்துகள் வேறு, வறட்சிக்கானவை வேறு.

மாலையில் எழுத்து இரட்டிப்பதாகத் தொடக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அதை மறக்காமல் சொல்லுங்கள். அடுத்த முறை அப்படித் தோன்றும்போது ஒரு கண்ணைக் கையால் மூடிப் பாருங்கள், பிறகு மற்றொரு கண்ணை. ஒன்றை மூடியதும் இரட்டிப்பு மறைந்தால் இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்ப்பதில் சிரமம் என்று பொருள். மூடியும் மறையாவிட்டால், திறந்திருக்கும் அந்தக் கண்ணிலோ கண்ணாடியின் பவரிலோதான் காரணத்தைத் தேட வேண்டும். எந்தக் கண்ணை மூடியபோது என்ன தெரிந்தது என்பதையும் அதே சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். இரட்டிப்பு திடீரென்று கூடினாலோ, கண்ணுக்குள் வலி வந்தாலோ அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டாம், அன்றே போய்விடுங்கள்.